மென்பவளத்தைத் தொட்ட கை

பேரையூர்ப் பக்கம் காட்டுவேலை பார்த்த குடும்பத்தில் பிறந்த பாண்டிமீனா, கடலை முதன்முதலாகப் பார்த்தது முப்பது வயதுக்கு மேல்தான். அதன்பிறகு அவளை ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கோச்சடையில் நடத்திய தையல் கடையின் முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தாள். உப்பைக் கலந்து கடல்நீர் செய்து பவளம் வளர்க்கும் தொட்டி. மீன்கள் கிடையாது. காளான்போலக் குடை விரித்து நிற்கும் ஒரு மென்பவளம், பாறையில் கொத்தாக ஒட்டிய சின்ன மென்பவளங்கள், காலிச் சங்குகளுக்குள் குடியிருக்கும் சில துறவி நண்டுகள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண்கள், கொடுத்த பிறகும் போகாமல் நின்று பார்த்தார்கள்.

மாடியில் குடியிருந்த கட்டடச் சொந்தக்காரர் சோலையம்மாளுக்கு மட்டும் தொட்டி பிடிக்கவில்லை. "உப்புத்தண்ணி செவத்த அரிச்சுப்புடுமேத்தா" என்று படியில் நின்றபடியே சொல்வார். கடைக்குள் வரமாட்டார். ஒருமுறை பாண்டிமீனா டீ நீட்டியபோது, "இப்பத்தான் குடிச்சேன்" என்றார். ஏன் என்று பாண்டிமீனா கேட்கவில்லை. தெரியாமலும் இல்லை.

ஐப்பசியில் காளான் பவளம் சுருங்கியது. நுண்ணிய இழைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் தோலாக நின்றது. அந்த வகைப் பவளம் மேல்தோல் உரிப்பதற்காகச் சிலசமயம் மூடிக்கொள்ளும் என்று அவள் படித்திருந்தாள்; பொறுத்தாள். வாரம் கழிந்தும் விரியவில்லை. ஓரம் கறுத்துக் குழையத் தொடங்கியது.

"நண்டுதான்க்கா கடிக்குது" என்றாள் கடையில் தைக்கும் கனகா. "அந்தப் பெருசு அது மேலயே ஏறுது, பாருங்க."

பாண்டிமீனா காலை முழுக்கப் பெரிய நண்டைக் கவனித்தாள். அது பவளத்தின்மேல் ஏறியது. ஒட்டியிருந்த அழுக்கைச் சுரண்டித் தின்றது. சதையைத் தொடவில்லை. ஆனால் அது சுமந்த சங்கின் கனத்தில் பவளம் அடியோடு ஆடியது.

அன்று மதியம் சாப்பிட்டு வந்து கடையைத் திறந்தபோது, பவளத்தின் குடையில் மணல் ஒட்டியிருந்தது. பவளம் நின்றதோ பாறையின்மேல். காலையில் நின்ற திசையைப் பார்த்தும் நிற்கவில்லை.

நண்டு தள்ளிவிட்டிருக்கலாம். விழுந்ததைத் தூக்கி மறுபடி பாறையில் வைக்க நண்டால் முடியுமா? குனிந்து பார்த்தாள். தண்ணீரின்மேல் எண்ணெய் மினுமினுத்தது.

கடைச்சாவி இருவரிடம்தான் இருந்தது. ஒன்று அவளிடம், இன்னொன்று காலையில் கடை திறக்கும் கனகாவிடம். மதியம் வீட்டுக்குப் போவதாகக் கனகா சொல்கிறாள். போகிறாளா என்று யார் பார்த்தது? பசுமலையில் ஒரு கடைக்கு அவளைக் கூப்பிடுகிறார்கள் என்றும் காதில் விழுந்திருந்தது. அதற்குள் திரும்பி வந்து மெஷினில் குனிந்திருந்தவளின் விரல்களைப் பார்த்தாள். மெஷின் எண்ணெய்.

சாயங்காலம், "கனகா, சாவியக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

"காலைல யாருக்கா தெறப்பா?"

"நானே தெறந்துக்கிறேன்."

கனகா நிமிர்ந்தாள். "என்னையச் சந்தேகப்படுறீகளா?"

பாண்டிமீனா கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கனகா சாவியை மேசையில் வைத்தாள். வழக்கமாகச் சொல்லும் "வாரேன்க்கா"வைச் சொல்லாமலே இறங்கிப் போனாள்.

மறுநாள் மதியம் பூட்டும் முன், பழைய செல்போனைத் துணிக்கட்டுகளுக்கு நடுவே நிறுத்தி வீடியோவை ஓடவிட்டாள். திரும்பி வந்தபோது பவளத்தில் மறுபடியும் மணல். கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவைப் பார்த்தாள்.

பெரிய நண்டு ஏறியது. பவளம் சரிந்து மணலில் குப்புற விழுந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவு திறந்தது. சோலையம்மாள். வாடகைக்கு விடும்போது தொலைந்துபோனதாகச் சொன்ன மூன்றாவது சாவி அவர் கையில் இருந்தது. சுவரின் அடிப்பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். தொட்டிப் பக்கம் திரும்பினார். முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டார். பவளத்தை எடுத்துப் பாறையில் நிமிர்த்தி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பாண்டிமீனா மாடியேறினாள். சோலையம்மாள் கதவைத் திறந்ததும் மூட்டுவலித் தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது.

"எங் கடையத் தெறந்தீகளாக்கா?"

"எங் கட்டடந்தானத்தா. செவத்தப் பாக்க வந்தேன்."

"தொட்டிக்குள்ள எதுக்குக் கைய விட்டீக?"

"குப்புறக் கெடந்துச்சு. செத்துப்போயிருமேன்னு நிமித்தி வச்சேன்."

"எம்புட்டு வாட்டி?"

"கெடந்தப்பல்லாம்."

"உங்க கைத்தைலம் அதுக்கு வெசம்க்கா."

சோலையம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அது எனக்கெப்பிடித்தா தெரியும்?"

"நான் இருக்கும்போது உள்ள வந்து கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்" என்றாள் பாண்டிமீனா. மூன்றாவது சாவியை வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள்.

தொட்டித் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றினாள். நச்சை உறிஞ்சும் கரித்தூளைப் பையில் கட்டித் தொங்கவிட்டாள். அழுகிய ஓரத்தை பிளேடால் நறுக்கிவிட்டு, பவளத்தைப் பசைபோட்டுப் பாறையோடு ஒட்டினாள். கெடுத்தது தைலமா, மணலில் புரண்டதா, இரண்டுமா, அவளால் சொல்ல முடியவில்லை. மார்கழிக்குள் பவளத்தின் மிஞ்சிய பகுதி இழைகளை நீட்டியது.

கனகாவிடம் நடந்ததைச் சொல்லி, "தப்பா நெனச்சுட்டேன்" என்றாள். "பரவால்லக்கா" என்றாள் கனகா. சாவியை நீட்டியபோது வாங்கவில்லை. பொங்கல் தையல் முடிந்ததும் பசுமலைக் கடைக்குப் போய்விட்டாள். முன்பே போக நினைத்திருந்தாளா, சாவியைக் கேட்டதால் போனாளா என்று பாண்டிமீனாவுக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று சாவிகளும் தன்னிடமே இருந்தும், இப்போதெல்லாம் அவள் மதியம் வீட்டுக்குப் போவதில்லை. டிபன் பாக்ஸைத் தொட்டிக்கு எதிரே திறந்துவைத்துக்கொண்டு, ஒரு கண்ணைக் கதவின்மேல் வைத்தபடியே சாப்பிடுகிறாள்.