துப்பாக்கிக் கட்டையில் 7-பி

ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வரவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்களிடமிருந்து பிடித்த துப்பாக்கிகளில் பின்லாந்துப் படை தன் முத்திரையைக் குத்தி, அதே துப்பாக்கிகளால் ரஷ்யர்களையே சுட்டது தெரியும். எல்லாம் அப்பாவின் போனில் பார்த்த சண்டை வீடியோக்கள் தந்த ஞானம். கைமாறிய துப்பாக்கியில் புதுச் சொந்தக்காரன் தன் அடையாளத்தைப் பதிப்பதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்த இடம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆயுதப்படையில் காவலர். அந்த வருஷம் நடந்த தேர்தலுக்குக் கல்வராயன் மலையில் ஒரு வாக்குச்சாவடியில் நின்றுவிட்டு மறுநாள் இறங்கும்போது, வடக்கனந்தலில் எங்கள் தெருமுனையிலேயே வண்டி பஞ்சர். டயர் மாற்றுவதற்குள் ஒரு வாய் சாப்பிடலாமென்று வந்தார். தோளில் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி. வெள்ளைக்காரன் விட்டுப்போய், நம் ராணுவம் சண்டைக்குத் தூக்கிப்போய், கடைசியில் போலீசுக்கு வந்து சேர்ந்த ரகம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மாமா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டே தட்டின் முன் உட்கார்ந்தார்.

"இன்னாடா, சோத்துத் தட்டாண்ட எமன உக்கார வச்சிக்கினு? அந்தாண்ட வையி, அப்பதான் கொழம்பு ஊத்துவேன்" என்றாள் அம்மா.

"கைய வுட்டு எறக்கக் கூடாதுக்கா."

"அப்ப எழுந்து போ."

மீன் குழம்பு. மாமா தோற்றுப்போனார். தோட்டாவையும், அது இல்லாமல் சுட முடியாத போல்ட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை உள்ளறைக் கட்டிலில் கிடத்தினார். "மாப்ள, நீதான் காவலு. ஒருத்தரும் தொடக் கூடாது. நீயும்தான்டா."

நான் விறைப்பாக சல்யூட் அடித்தேன்.

துப்பாக்கியின் இரும்பில் ஒரு கிரீட முத்திரை. அதன் கீழே தேய்ந்த எழுத்துகள். வைத்திருந்தவர்கள் எல்லாரும் குத்தியிருக்கிறார்கள். இப்போது அது இருப்பது என் பொறுப்பில். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்தேன். மரக்கட்டையில் ஒரு நட்சத்திரம், என் பெயரின் முதல் எழுத்து. அதே எழுத்தில் பக்கத்து வகுப்பில் ஒருவன் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று 7-பி. கீறிய பக்கத்தைக் கீழாகத் திருப்பி வைத்தேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பார்க்காமலே தோளில் மாட்டி, "சூப்பர் டூட்டிடா" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

ஒரு மாதம் கழித்து வந்த மாமா அடுப்படியில் அம்மாவிடம் சொல்வதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"துப்பாக்கியத் திருப்பிக் குடுக்கறப்ப அதிகாரி பாத்துட்டாரு. 'ஏழு பின்னா இன்னாய்யா'ன்னாரு. மலையில சும்மா குந்திக்கினு இருந்தப்ப நான்தான் கிறுக்கினேன்னுட்டேன்."

"புள்ள பண்ணுச்சுன்னு சொல்றதுதானடா?"

"புள்ள கையில துப்பாக்கியக் குடுத்தேன்னா வேலையே பூடும்க்கா. இப்ப ஏட்டு ஆவறதுதான் தள்ளிப்போச்சு. வுடு, அவன ஒண்ணும் கேக்காத."

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா தளபதி, எந்த ஊரு சண்ட ஓடிக்கினு இருக்குது?"

மன்னிப்பு கேட்டிருக்கலாம். அந்தப் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்து பின்லாந்தைச் சொன்னேன். பனி, காடு, முத்திரை என்று மூச்சு விடாமல் அரைமணி நேரம் சொன்னேன். மாமா கடைசிவரை கேட்டார்.

"சரிடா, துப்பாக்கியக் கைய வுட்டு எறக்கினானே ஒருத்தன், அவன் இன்னா ஆனான்?"

"அதெல்லாம் வீடியோவுல வராது மாமா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரஷ்யாக்காரனைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு.