ஆறாவது பிறந்தநாளில் பொங்காத எரிமலை

மகளுக்கு இன்று ஆறு வயது.

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து அரை வருடமாகியும் அவள் பள்ளியில் வாய் திறப்பதில்லை. மலையாளம் புரியும், பேச வராது என்பாள். அதனால்தான் அறிவியல் விளையாட்டு காட்டுகிறேன் என்று வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்தேன்.

களிமண்ணில் ஒரு மலை. உச்சிக் குழியில் சோடாப்பொடி, சிவப்புச் சாயம். வினிகரை ஊற்றினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை.

அதே பொடியைப் பலூனில் போட்டு வினிகர் பாட்டிலின் வாயில் மாட்டினேன். பலூன் தொங்கியபடியே கிடந்தது.

“அம்மா, பொங்காதா?” என்றாள் மகள். நான் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன்.

உதவிக்கு வந்திருந்த கீழ்வீட்டுச் சேச்சி பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். “ஐயோ, இது சோடாப்பொடி அல்லல்லோ, கான்ஃப்ளவரா, சோளமாவு! நில்லு, என்டெ வீட்டில உண்டு” என்று படியிறங்கி ஓடினார்.

அதற்குள் பிள்ளைகள் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

என் மகள் வாசலில் போய்க் கையை விரித்து நின்றாள். “போகல்லே! இப்போ பொட்டும்!” போகாதீங்க, இப்போ வெடிக்கும் என்று மலையாளத்தில் கத்தினாள்.

எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சேச்சி சோடாவோடு வரும்வரை அவள் மலையாளத்தில் எரிமலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். பாதி அவள் சொந்தக் கற்பனை.

மலை பொங்கியது. சேச்சி தாராளமாகவே போட்டுவிட்டார்.

நாளை காலை வாடகை வாங்க வீட்டு உரிமையாளர் வருகிறார். வெள்ளைத் தரையில் சிவப்புச் சாயம் போக வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். தயவுசெய்து சோடாவும் வினிகரும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.