துப்பாக்கி டெஸ்ஸிடம், ஸ்கோப் நோலீனிடம்

நோலீன் க்ரோசியரிடம் ஒரு துப்பாக்கிதான் உண்டு. அதன்மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிகள், அதாவது ஸ்கோப்புகள், இரண்டு. சனிக்கிழமை குறிசுடும் சங்கத்துக்குப் போகும்போது நீளமான, கனமான ஸ்கோப். ஞாயிற்றுக்கிழமை மான் வேட்டைக்கு மருயா காட்டுக்குப் போகும்போது சின்னது. இரண்டும் அதனதன் பிடியிலேயே இருக்கும். பிடியைத் துப்பாக்கியின் மேல்பட்டையில் வைத்து, முன்னால் தள்ளி, கொண்டிகளை மடக்கினால் இறுகிவிடும். கொண்டிகளை நிமிர்த்தினால் ஸ்கோப் கையோடு வந்துவிடும். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் குண்டு பழைய இடத்திலேயே போய் விழும். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டும் நோலீனுக்கு இன்னொரு துப்பாக்கி தேவைப்பட்டதே இல்லை.

காட்டுக்குள் அவர் ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு நடப்பதில்லை. அது மேல்சட்டைப் பையில் இருக்கும். புதரில் ஏதாவது அசைந்தால், துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, ஸ்கோப்பை மட்டும் எடுத்துப் பார்ப்பார். தலை, கழுத்து, தோள், கால் எல்லாம் தெரிந்த பிறகுதான் மாட்டுவார். அதற்குள் பாதி மான்கள் போய்விடும்.

"மான்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுட்டுப் போ நோலீன், கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லி" என்று மதுக்கடையில் சீண்டுவார்கள்.

"என் ஃப்ரீசர் காலியா கிடந்து நீ பாத்திருக்கியா?" என்பார் அவர்.

இந்தப் பழக்கம் அவருடைய தம்பி லயல் சுடப்பட்ட ஆண்டிலிருந்து வந்தது. ஏப்ரலில், ஆண் மான்கள் கத்தித் திரியும் பருவத்தில், லயல் பெரணிப் புதருக்குள் குனிந்து தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எதிர்ச் சரிவிலிருந்த அவருடைய நண்பர் டெஸ் ரிக்கர்ட், பழுப்பாக ஏதோ அசைவதை ஸ்கோப்பில் பார்த்தார். பார்க்கும்போதே விரல் விசையில் இருந்தது. குண்டு தொடையைத் துளைத்தது. லயல் பிழைத்தார், முழங்கால் மட்டும் மடங்காமல் போயிற்று. டெஸ்ஸின் துப்பாக்கி உரிமத்தை நீதிமன்றம் பறித்தது.

பல ஆண்டுகள் கழித்து உரிமம் திரும்பக் கிடைத்தும் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. போன ஏப்ரலில் நோலீனின் சமையலறை வாசலில் வந்து நின்றார். லயல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து வீடு. ஊர் ஊராகத் திரிந்துவிட்டுத் திரும்பி, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரே ஒரு தடவை உன்கூட வரேன் நோலீன். என்னால முடியுதான்னு பாக்கணும். முடியலேன்னா லைசன்ஸைத் திருப்பிக் குடுத்துடறேன். அப்புறம் காட்டுப் பக்கமே வர மாட்டேன்."

நோலீன் தம்பியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கற? நான் மான் இல்லேன்னு அவனுக்கு இப்ப நல்லாவே தெரியும்" என்றார் லயல். "ஆனா ஒண்ணுடா டெஸ், என்னைப் பெத்தவகூட என்னை மான் மாதிரி அழகுன்னு சொன்னதில்ல."

டெஸ் சிரிக்கவில்லை.

"துப்பாக்கிய நீ தூக்கு" என்றார் நோலீன். "ஸ்கோப் என் பையில இருக்கும். நான் பாத்துட்டுத் தருவேன். நீ பாத்து, என்ன பாத்தேன்னு வாய் விட்டுச் சொல்லணும். சொல்லாம மாட்டக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பையைச் சுமந்துகொண்டு நானும் போனேன். மூவரும் ஆரஞ்சு நிற மேலாடை போட்டிருந்தோம். காடு நனைந்திருந்தது. பீச் என்னும் உயரமான காட்டு மரங்களிலிருந்து நகத்தளவு இலைகள் உதிர்ந்து தலையிலும் தோளிலும் ஒட்டின. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மான் கத்தியது. நோலீன் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு டெஸ்ஸிடம் நீட்டினார். டெஸ் அதைக் கண்ணில் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"காது."

"அப்புறம்?"

"காது மட்டும்தான்."

"காதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? இரு."

காத்திருந்தோம். புதர் விலகி, அது மண்சரிவின் வெட்டவெளிக்கு வந்து நின்றது.

"சொல்லு."

"கொம்பு. கழுத்து. தோள். நாலு காலு." டெஸ் ஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்தினார். "பின்னாடி யாரும் இல்ல, மண்ணுதான். மான், நோலீன். மானேதான்."

"மாட்டு."

டெஸ் அவசரமாக மாட்டிக் கொண்டிகளை மடக்கினார். சுட்டார். மானின் முதுகுக்கு மேலே மண் தெறித்தது. மான் ஒரே தாவலில் மறைந்துவிட்டது.

டெஸ் துப்பாக்கியைக் காலி செய்து நோலீனிடம் கொடுத்துவிட்டு, ஈரத்திலேயே உட்கார்ந்தார். நோலீன் ஸ்கோப்பைக் கழற்றினார். பிடியின் பின்கால் பதிந்த இடத்தில் ஒரு பீச் இலை நசுங்கி ஒட்டியிருந்தது.

"மாட்டறதுக்கு முன்னாடி பட்டையைத் துடைச்சியா?"

"இல்ல."

"இலை மேல உக்காந்து, ஸ்கோப்போட பின்பக்கம் தூக்கியிருக்கு. குண்டு மேல போகாம வேற எங்க போகும்?"

டெஸ் அந்த இலையை நகத்தால் சுரண்டி எடுத்தார். "அப்ப நான் பாத்தது?"

"மான்தான். நானும்தானே பாத்தேன்."

"நீயும் பாத்தியாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சுது, டெஸ்."

இறங்கும் வழியில் அதையே மறுபடியும் கேட்டார்.

வீட்டில் லயல் சாஸேஜ் வறுத்து வைத்திருந்தார். "எங்கடா மான்?"

"தப்பிச்சிடுச்சு. சுட்டேன், மேல போயிடுச்சு."

"எனக்கு மட்டும் குறி தப்பாம வந்துது பாரு!"

டெஸ் சிரித்தார். நிறுத்த முடியாமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லயல் அக்காவிடம் கை நீட்டினார்.

"அந்த ஸ்கோப்பைக் குடு. அடுத்த ஞாயித்துக்கிழமை அது என் பையில இருக்கும்."

"உன் முழங்கால வச்சுக்கிட்டா?"

"ஓடைக்கரை வரைக்கும் நடப்பேன். அதுக்கு மேல மான்தான் வரணும்."

நோலீன் ஸ்கோப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டி வைக்க எடுத்தார். டெஸ் எழுந்து வந்து, அதன் மேல்பட்டையைக் கட்டைவிரலால் துடைத்தார். அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு முறை துடைத்தார்.