தண்ணிக் கழிவு போக என் எடை

கோவளம் கரையில் தினமும் காலையில் மீன் ஏலம் போகும். போன மழைக்கு முன்னால் தொடங்கி மூன்று மாதம், வெள்ளிக்கிழமைதோறும் என் உடம்பும் ஏலம் போனது. மீன் ஏலம் மேலே ஏறும். என் ஏலம் கீழே இறங்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். எங்கேயாவது ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தால் அது அவள் சிரித்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்துவிட்டதால் நாற்பத்தேழிலேயே பாட்டியாகிவிட்டேன். முப்பது வருடமாக மீன் விற்கிறேன். கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, திருப்போரூரில் தெருத்தெருவாகப் போய் விற்பேன். எந்த வீட்டில் முள் இல்லாத மீன் கேட்பார்கள், எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் நண்டு வாங்குவாள், எல்லாம் எனக்குத் தெரியும். அந்த நண்டு வீட்டுக் கதை தனியாக ஒரு நாள் பேச வேண்டிய கதை. இருக்கட்டும்.

முட்டி வலி என்று மகன் என்னைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள்.

"எவ்ளோ நாளா வலிக்குதும்மா?"

"அது பாட்டுக்கு வலிச்சிகினு கீது டாக்டரம்மா. நான் பாட்டுக்கு நடந்துகினு கீறேன்."

எடை மிஷினில் ஏறச் சொன்னாள். எண்பத்தாறு. எனக்கு எழுத்துதான் தெரியாது, எண் நன்றாகவே தெரியும். எண் தெரியாமல் முப்பது வருடம் மீன் விற்க முடியுமா?

"உங்க எடையே எண்பத்தாறு. அதுக்கு மேல தலையில ஒரு கூடை. முட்டி பாவம் இல்லியா?" என்றாள். "மூணு மாசத்துல பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் கூடைய தூக்கவே கூடாது."

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது மகன் சொன்னான்.

"மா, மூணு மாசம் பாக்குறேன். பத்து கிலோ கொறைஞ்சா நீ கூடைய தூக்கு, நான் ஒண்ணியும் கேக்க மாட்டேன். கொறையலன்னா கூடைய யாருக்குனா குடுத்துட்டு ஊரப்பாக்கம் வந்துடு. பேச்சு பேச்சாத்தான் இருக்கணும்."

ஊரப்பாக்கத்தில் அவன் வீடு மூன்றாம் மாடி. நல்ல வீடுதான், குறை சொல்ல மாட்டேன். இதை எழுதுகிறவளும் அந்த வீட்டுக்காரிதானே. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ரயில் போகும், ரயில் வரும். ஒரு ரயிலாவது நின்று "இன்னா மீனு கீது?" என்று கேட்குமா? நான் அங்கே உட்கார்ந்தால் எண்பத்தாறு நூறாகிவிடும். சரி என்று தலையாட்டிவிட்டேன். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அது மறுநாளிலிருந்து.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் ஊருக்கு வந்தேன். என் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமியார், எங்கள் கரையிலேயே மீன் விற்கிறவள். என் கையில் கூடை இல்லாததைப் பார்த்தவுடனே பிடித்துக்கொண்டாள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பத்து கிலோவா? ஒரு முழு கொடுவா மீனு சம்மந்தி அது! எங்கேர்ந்து அறுத்து எடுக்கப் போறே?"

"நீ மட்டும் இன்னா நெத்திலியா? வா, நீயும் ஏறு மிஷின்ல."

வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் அவள் ரோஷக்காரி. "ஏறுறேன். உனக்கு முன்னாடி நான் கொறைச்சி காட்டுறேன்" என்றாள். ஏழு வருடமாக நாங்கள் சீர், வரிசை, பேரன் யார் ஜாடை என்று சண்டை போட்டவர்கள். இப்போது சண்டை போட ஒரு நல்ல விஷயம் கிடைத்தது.

ஐஸ் கம்பெனி வாசலில் மீன் பெட்டி நிறுக்கிற பெரிய மிஷின் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நிறைய வீடுகளில் மீன் வாங்க மாட்டார்கள், கரையில் கூட்டம் குறைவு. அந்த நாளை வைத்துக்கொண்டோம். ஏலம் விடுகிறவரை நாங்கள் எல்லோரும் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். அவர் குரல் எடுத்தால் படகில் இருக்கிறவனுக்கும் கேட்கும். நான் மிஷினில் ஏறினேன். எண் காட்டுகிற பக்கம் அவர் பக்கமாக இருந்தது. நான் குனிந்து பார்க்கலாம் என்றால் என் வயிறே மறைத்தது.

"எண்பத்தாறு! தண்ணிக் கழிவு ரெண்டு போவ, எண்பத்தி நாலூ! எண்பத்தி நாலு, எண்பத்தி நாலு, கொறைச்சி கேக்குறவங்க கேக்கலாம்!"

"எண்பது!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். "எழுபது!" என்றாள் இன்னொருத்தி. சந்தையே சிரித்தது.

தண்ணிக் கழிவு என்றால் என்னவென்று கரைக்கு வராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐஸ் போட்ட மீன் பெட்டியில் தண்ணீர் நிற்கும். நிறுத்த எடையில் அந்தத் தண்ணீருக்காகப் பெட்டிக்கு இரண்டு கிலோ தள்ளிவிடுவார்கள். மழைக்காலத்தில் மூன்று. பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். அலையில் நின்ற என் சேலை முழங்கால் வரை ஈரமாகத்தான் இருந்தது. அப்படியானால் தள்ள வேண்டியதுதானே? எனக்கோ, சம்பந்திக்கோ, அங்கே நின்ற ஒருத்திக்காவது இதில் தப்பு இருக்கிறது என்று தோன்றவே இல்லை. மீனுக்கு ஒரு நியாயம், மனுஷிக்கு ஒரு நியாயமா?

அன்றிலிருந்து நடந்தோம். விடியற்காலையில் ஏலத்துக்கு முன்னால், ஈர மணலில், படகுகளைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவோம். காய்ந்த மணலில் நடந்தால் கால் புதையும், முட்டி திட்டும். ஈர மணல் கெட்டியாக இருக்கும். முதல் வாரம் இரண்டு படகுக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். வலை பின்னுகிற ஆண்கள், "இன்னா சம்மந்திங்களா, மாமல்லபுரத்துக்கே நடந்து போறீங்களா?" என்று கேட்டார்கள்.

"ஆமா, அங்க செலையா நிக்க ஆள் பத்தலையாம்!" என்றாள் சம்பந்தி. அவள் வாய்க்கு மட்டும் எந்த டாக்டரும் கழிவு போட முடியாது.

சாப்பாடுதான் கஷ்டம். மீன் தின்று யாரும் குண்டாவதில்லை, அந்த மீனுக்குப் போடுகிற சோறுதான். எனக்குக் குழம்பு மிஞ்சினால் சோறு போடுவேன். சோறு மிஞ்சினால் குழம்பு ஊற்றுவேன். இது முடிகிற கணக்கா? இரண்டாவது தடவை சோறு போடுவதை நிறுத்தினேன். வீட்டிலிருந்த கருவாட்டை எல்லாம் அக்கம்பக்கம் கொடுத்துவிட்டேன். கருவாடு இருக்கிற வீட்டில் ஒரு தட்டு சோற்றோடு எழுந்த மனுஷரை நான் பார்த்ததில்லை. டீக்கடை வடையைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு நாள் தின்றேன். அதைச் சம்பந்தியின் எதிரிலேயே தின்றதுதான் தப்பு. என் மகள் மூலமாக ஊரப்பாக்கம் வரை செய்தி போய், மாலைக்குள் மகன் போன் செய்தான். "மா, வடை எப்டி இருந்துச்சி?"

புரட்டாசி வந்தது. பாதிப் பேர் மீன் சாப்பிட மாட்டார்கள், வியாபாரம் இல்லை. கூடை தூக்கக் கூடாதென்பதால் நான் கரையிலேயே உட்கார்ந்துதான் விற்றுக்கொண்டிருந்தேன். கவிழ்த்து வைத்த என் அன்னக்கூடை மேல் கோழி ஏறி உட்கார்ந்தது. அதைப் பார்த்த அன்று மட்டும் எனக்கு அழுகை வந்தது. மறுநாள் இரண்டு படகு தூரம் கூடுதலாக நடந்தேன்.

ஏலம் மட்டும் நன்றாக இறங்கியது. எண்பத்து மூன்று, எண்பத்தொன்று. மழை பிடித்ததும் அண்ணாத்த கழிவை மூன்றாக்கினார். பிறகு இடுப்பில் செருகின சாவிக்கொத்து, மீன் வெட்டுகிற கத்தி, கண்ணாடி வளையல் என்று இன்னும் ஒரு கிலோ தள்ளினார். கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, "கழிவு போவ எழுவத்தாறூ!" என்று கத்தி, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று பெட்டியைத் தட்டி முடித்தார். சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எண்பத்தாறிலிருந்து எழுபத்தாறு. பத்து கிலோ! கூடையைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தேன். கோழியை விரட்டினேன்.

அடுத்த வாரம் செங்கல்பட்டு. மகனும் வந்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ராணி மாதிரி மிஷினில் ஏறினேன்.

"எண்பது," என்றாள் நர்ஸ்.

"கழிவு போட்டீங்களா?"

"இன்னாது?"

"தண்ணிக் கழிவும்மா. மழைக்காலம் இல்ல? மூணு தள்ளணும். வளையலுக்கு ஒண்ணு."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் என் சேலையைப் பார்த்தேன். காய்ந்த சேலை. பஸ்ஸில் வந்தவளுக்கு ஏது கடல் தண்ணீர்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் எண்பத்தாறு கழிவு போடாத எடை. எழுபத்தாறு கழிவு போட்ட எடை. யாராவது மீனை இப்படி நிறுத்திருந்தால் நான் விட்டிருப்பேனா? என் உடம்பை நிறுக்கும்போது விட்டுவிட்டேன்.

ஆறு கிலோதான். ஊரப்பாக்கம் ரயில் என் காதில் கூவியது.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னாள், எழச் சொன்னாள், படி ஏறி இறங்கச் சொன்னாள். கையை ஊன்றாமலே எழுந்தேன். மூன்று மாதம் முன்னால் இதே நாற்காலியிலிருந்து என்னை எழுப்ப மகன் கை கொடுத்தான்.

"ஆறு கிலோ சும்மா இல்லம்மா, நல்லா பண்ணியிருக்கீங்க," என்றாள். "இப்போ பாதிக் கூடை தூக்குங்க. மிச்சம் நாலும் குறைஞ்சதும் முழுசா தூக்கலாம். நடக்கறத மட்டும் வுட்டுடாதீங்க."

டாக்டர் விட்டாள், மகன் விட வேண்டுமே. பேச்சு பத்து கிலோ. வெளியே அதே டீக்கடை. நான் அவன் முகத்தையே பார்க்கவில்லை.

"ரெண்டு டீ. ஒண்ணு சக்கர இல்லாம," என்றான். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான். "நானும் அந்தக் கரையில பொறந்தவன்தானே மா. மழைக்காலக் கழிவு மூணு, வளையலுக்கு ஒண்ணு. எனக்கு வர வேண்டிய பத்துல நாலு தள்ளிக்கினேன். கணக்கு சரியாப் போச்சி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. "வளையலுக்கு ஒண்ணு அதிகம்டா" என்றேன்.

"தெரியும். அண்ணாத்த எப்பவும் பொம்பளைங்களுக்கு அதிகமாத்தான் தள்ளுவாரு."

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாத்தயைப் பிடித்துக்கொண்டேன். தலையைச் சொறிந்தார். "நம்பர் எறங்குனா நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரு படகு தாண்டி நடந்தீங்க. அதான் வாயில வந்துகினே இருந்துச்சி" என்றார். இனிமேல் மீனுக்கு மட்டும்தான் கழிவு என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். நான் முதலில் ஏறினேன். "எழுவத்தொம்போதரை!" கை தட்டினார்கள். பிறகு சம்பந்தி ஏறினாள். போன வாரம் எழுபத்தேழு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"எண்பத்தொண்ணூ!"

"இன்னாடா அண்ணாத்த அநியாயம்! பாரு, சேலை சொட்டச் சொட்ட நனைஞ்சி கீது, தள்ளு, தள்ளுடா!" என்று அவள் மிஷினைவிட்டு இறங்கவே இல்லை. பின்னால் நெத்திலிப் பெட்டிகள் வரிசையில் காத்துக்கொண்டிருந்தன.

நான் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தேன். பாதிக் கூடை மீனை அவளே இறங்கி வந்து, திட்டிக்கொண்டே தூக்கிவிட்டாள். திருப்போரூர் பஸ் ஹாரன் அடித்தது. நான் ஓடவில்லை. ஆனால் நடந்தே பிடித்துவிட்டேன்.