அத்தை வெட்டிய வடிகால்

கடல் உள்ளே ஏறி வந்த அந்த மார்கழியில் எங்கள் நெல் கதிர் தள்ளி நின்றது. பரங்கிப்பேட்டைப் பக்கம், வெள்ளாற்றை ஒட்டி எங்களுக்கு இருந்தது அந்த ஒரு துண்டு நிலம்தான். உப்புத் தண்ணீர் ஆற்று வழியாக வந்து வயலில் நின்றது. நெல் செத்தது. சித்திரை வெயிலில் நிலம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை பூத்துக் கிடந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

இறால் பண்ணைக்காரர் ஒருவர் நிலத்தை விலைக்குக் கேட்டு வந்தார். அதற்கப்புறம் அப்பாவின் மூளை அவர் வண்டியிலேயே ஏறிப் போய்விட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. புவனகிரியில் கட்டிக்கொடுத்து, புருஷன் சரியில்லாமல் திரும்பி வந்தவள். எங்கள் வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், அப்பாவிடம் பேச்சு வாங்கினாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒன்று கேட்டாள்.

"விக்காதண்ணே. நான் தேத்திக் காட்டறேன். தேறுச்சின்னா நானே பயிர் வெச்சிக்கறேன். ஒன் சோத்துல குந்திக்கினு இருக்க வேணாம் பாரு."

அப்பா சிரித்தார். "தை பொறக்கறதுக்குள்ள பச்ச தெரியணும். தெரிஞ்சா நீயே பண்ணிக்க. இல்லன்னா கையெழுத்துப் போட்டுடுவேன். அப்பறம் அழுவக் கூடாது."

ஐப்பசியில் மழை பிடித்தது. அத்தையும் முதலில் ஊரோடு சேர்ந்து தப்பைத்தான் செய்தாள். வரப்பை உயர்த்தி, மடையை அடைத்து, மழைத் தண்ணீரைத் தேக்கினாள். கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் அடைக்கத்தான் தெரியும். இடையில் நாலு நாள் வெயில் அடித்தது. தண்ணீர் வற்றியது. உள்ளே போன உப்பு மண் வழியாகவே மறுபடி ஏறி மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று கருவாடு ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரே தண்ணியில கெடந்தா உப்பு எங்கடி போவும்? மாத்தி மாத்தி ஊத்தி வெளிய கொட்டணும்ல?"

நான் என்னத்தைக் கண்டேன். அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கருவாட்டைப் பூனை தின்றது.

வயலின் தாழ்ந்த ஓரத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி ஆற்றில் சேர்த்தாள். கடல் ஓதம் ஆற்றில் ஏறும்போது அதன் வாயை அடைப்பாள், வற்றும்போது திறப்பாள். வயலில் நின்ற மழைத் தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கி, வாய்க்காலின் பக்கச் சுவரில் வியர்வை மாதிரி கசிந்தது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள். என் வாயிலும் வைத்தாள். கடலேதான்.

பக்கத்து வயல் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, வானம் குடுக்கறத எவளாச்சும் தொறந்து வுடுவாளா? கிறுக்கு புடிச்சிச்சா ஒனக்கு?"

"நீ அடச்சி வெச்சிக்க மாமா. தையில ஊறுகா போடலாம்."

ஒவ்வொரு மழைக்கும் நிரப்பினாள், இறங்க விட்டாள், வெளியே தள்ளினாள். கை கொப்புளித்துப் பழந்துணி சுற்றிக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. தப்புச் செய்தாள், பார்த்தாள், மாற்றிச் செய்தாள். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனத்தை நான் இன்றுவரை எவனிடமும் பார்க்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் சுவரில் கசிந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பவில்லை. விழுங்கினாள். மறுநாளே நாற்றுக்கு ஆள் அனுப்பினாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் அப்பா போய் வரப்பில் நின்றார். பக்கத்து மாமாவின் பயிர் நுனி கருகிக் கிடந்தது. எங்கள் வயல் பச்சைப் பசேலென்று இருந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, நிலம் விற்பதற்கில்லை என்று இறால்காரருக்குச் சொல்லி அனுப்பினார்.

பொங்கலன்று மத்தியானம் இலையில் உட்கார்ந்து சொன்னார்: "நெலம் தேறிடுச்சி. வர்ற பட்டத்துலேர்ந்து நானே பாத்துக்கறேன். நீ வூட்டப் பாரு."

அத்தை கையிலிருந்த கரண்டி இலைக்கு மேலேயே நின்றது. பிறகு சாம்பாரை ஊற்றினாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை இனிமேல் சேற்றில் நின்று வெட்ட வேண்டாமே. ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஜாலி அத்தை! இனிமே நீ வூட்லயே இருக்கலாம்" என்றேன்.