கொடி வெட்ட வந்தவன்

வேதப் புத்தகத்தில் அதன் பெயர் திராட்சை. உடுவில் ஊரில் சீலாவின் பந்தலில் அதுவே முந்திரிகை. புத்தகத்துத் திராட்சைக்கு ஒரு குறையும் இல்லை. பந்தலில் தொங்குவதோ மகா ரோசக்காரி. பழுக்கும் நேரத்தில் ஒரு மழை பட்டால் போதும், தோல் வெடித்து, ஈ மொய்த்து, குலையோடு அழுகிப்போவாள்.

கொடியை நட்டவர் சீலாவின் கணவர் கனகரட்ணம். போகத்துக்குப் போகம் அவர்தான் கொடி வெட்டுவார். கிளையில் துளிர்க்கும் கண்கள் சிலவற்றை விட்டு மீதியை நறுக்கினால்தான் துளிரும் பூவும் வரும். அவர் கண்ணை மூடிய பிறகு சீலா துணிந்து கத்திரிக்கோலைக் கையில் எடுத்தாள். அவளுடைய முதல் போகத்தை மழை கொண்டுபோனது.

பக்கத்துத் துண்டில் அவளுடைய தம்பி சுரேஸ் கத்தரி வைத்திருக்கிறான். இருவருக்கும் ஒரே கிணறு. அவன் வாயில் கொடி வெட்டுவதென்றால் அடியோடு வெட்டிச் சாய்ப்பது.

"உந்தக் கொடியை வெட்டிப்போட்டு மரவள்ளியை நடுங்கோ அக்கா. கிணத்துத் தண்ணி முழுக்க உதுதான் குடிக்குது."

"இந்தமுறையும் மழை கெடுத்தால் நீயே வந்து வெட்டு" என்று ஒருநாள் ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள். பிறகு அந்த வாயை எத்தனை தரம் நொந்துகொண்டாளோ.

இந்த ஆவணியில் குலைகள் கருநீலமாகத் திரண்டன. வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. சீலாவுக்கு அது வரம், ஊருக்குச் சாபம். கிணறு வற்றி உவர்நீர் ஊறியது. சுரேசின் கத்தரி இலை சுருண்டு நின்றது. சீலா தன் தண்ணீர் முறையையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தாள். ஆனால் கிணற்றில் இருந்தால்தானே இறைப்பதற்கு.

ஞாயிறு ஆராதனையில், "மழைக்காகச் சகோதரி சீலா செபிப்பார்" என்றார் போதகர். நல்ல குரல் என்று எப்போதும் அவளைத்தான் கூப்பிடுவார். பாவம் மனிதர், பந்தலை மறந்துவிட்டார். சுரேஸ் மறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

சீலா எழுந்தாள். 'அடுத்த கிழமை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடலாம். ஆண்டவருக்கு நாள் குறித்துக் கொடுப்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் முன்வரிசை வாங்கில் குனிந்திருந்த தம்பியின் பிடரி வெயிலில் கறுத்துத் தோலுரிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள்.

"ஆண்டவரே, மழை தாரும். என்ரை பழம் வெட்டுமட்டும் மழையை மறிச்சு வையும் எண்டு ஒவ்வொரு நாளும் உம்மட்டை மன்றாடினனான். அதைக் கேளாத மாதிரி விட்டிடும். இவையின்ரை பயிர் வாடுது. இண்டைக்கே தாரும்."

சபை முழுவதும் ஆமென் சொன்னது. சுரேஸ் மட்டும் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

மழை அன்றைக்கு வரவில்லை. ஆண்டவரும் தன் வசதியைப் பார்ப்பவர்தானே. புதன்கிழமை பின்னேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அதற்குள் பாதிக் குலைகளைத்தான் அறுத்துச் சுன்னாகம் சந்தைக்கு அனுப்ப முடிந்தது. மீதி எல்லாம் வெடித்துப்போயின. வேலிக்கு அந்தப் பக்கம் கத்தரி நிமிர்ந்து நின்றது. சீலா பந்தலின் கீழ் நின்று அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் நன்றாகவே அழுதாள்.

சில கிழமைகள் போயின. நிலம் காய்ந்திருந்த ஒரு காலையில் சுரேஸ் வேலிக் கடப்பு வழியாக வந்தான்.

"அக்கா, கொடி வெட்ட வந்தனான்."

சீலா பந்தலை அண்ணாந்து பார்த்தாள். சொன்னது அவள் வாய்தானே, இப்போது யாரை நோவது?

"வெட்டு. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கத்தி விழும் சத்தம் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். சுரேஸ் ஒரு கொப்பைப் பிடித்தபடி முழித்துக்கொண்டு நின்றான். மற்றக் கையில் சாணை பிடித்த கத்திரிக்கோல்.

"எத்தினை கண் விட்டு வெட்டினனீங்கள் போனமுறை? சரியாச் சொல்லுங்கோ அக்கா, பிழையா வெட்டினால் பூக்காதாமே."