டைக்ரோமேட் தொட்டி

பைக்கில் மஞ்சளாக மின்னும் போல்ட்டைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அந்த நிறத்தை ஏற்றும் வேலையை ஓசூரில் உலோக முலாம் பூசும் ஒரு சின்ன பிளேட்டிங் கம்பெனியில் ஆறு வருஷம் செய்தேன். இப்போது அங்கேயே சூப்பர்வைசர்.

நிறத்தைக் கொடுப்பது சோடியம் டைக்ரோமேட் என்கிற உப்பு. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தையே குடித்துவிடும். மழைக்காலத்தில் மூட்டையைப் பிரித்தால் சேறு மாதிரி கிடக்கும். தோல் தொழிலுக்கும் சாயத் தொழிலுக்கும்கூட வாங்குகிறார்கள். நாங்கள் அமிலம் சேர்த்துத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் வைத்திருப்போம். துத்தநாகம் பூசிய வெள்ளை போல்ட்டைக் கூடையோடு முக்கி, பதினைந்து எண்ணித் தூக்கினால், சேவல் கழுத்து மாதிரி மஞ்சளும் பச்சையுமாக மினுங்கும். லேசில் துருப்பிடிக்காது. அதன் நல்ல குணம் அவ்வளவுதான். தொட்டியிலிருந்து எழும் சாரல் மூக்குக்குள் போய் இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள சுவரை அரித்துத் தின்னும்.

அந்தத் தொட்டி வேலையில் நாலு வருஷமாக நின்றவன் மத்தூர்ப் பக்கத்துக்காரன். விவசாயம் கட்டுப்படியாகாமல் வேலைக்கு வந்தவன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, சாக்கு தைக்கும் நூலை ஒரு மூக்குத் துளையில் விட்டு மறு துளை வழியாக இழுத்தான். நூலில் ரத்தமும் பொருக்கும் ஒட்டியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்துக்கோண்ணா, மூக்கணாங்கயிறு போட்டாச்சு. இனிமே ஏர்ல பூட்ட வேண்டியதுதான்" என்றான் என்னிடம்.

நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். "வலிக்குதாடா?"

"வலிச்சிருந்தா முன்னயே தெரிஞ்சிருக்குமே. மூச்சு வுட்டா விசில் அடிக்குது. எம் பொண்டாட்டி பக்கத்துல படுக்கவே மாட்டேங்குறா."

இ.எஸ்.ஐ. டாக்டர், என்ன வேலை செய்கிறான் என்று கம்பெனியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். கடிதம் எழுதுவது நான். முதலாளி கூப்பிட்டார்.

"பேக்கிங்னு எழுதிக் குடு. டைக்ரோமேட்ட நிறுத்திட்டோம்னு ஆர்டர் குடுக்கற பார்ட்டிங்களுக்கு எழுத்துல குடுத்திருக்கோம். இது வெளிய போச்சுன்னா ஒரு ஆர்டரு நிக்காது."

எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கடிதத்தோடு டாக்டரிடம் போய்வந்த மறுநாள் அவன் சிரிக்கவில்லை. "மூக்கு நோண்டுற பழக்கம் இருக்கான்னு கேக்குறாருண்ணா டாக்டரு. சுத்தி அத்தன பேரு நிக்கறாங்க. சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டாரு. இன்னைக்கும் தொட்டிதானா எனக்கு?"

தொட்டிதான். அன்று முழுக்க அவன் அங்கே நின்று வேலை செய்ததைப் பார்க்கப் பார்க்க என் கை மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் இன்னொரு கடிதம் எழுதினேன்: எந்தத் தொட்டி, எந்த உப்பு, எத்தனை வருஷம். நானே அவனோடு போய்க் கொடுத்தேன்.

டாக்டர் படித்துவிட்டு விளக்கு அடித்துப் பார்த்தார். "இதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்றார். "பயந்துட்டேங்க சார்" என்றான் அவன். முதல் கடிதத்தை எழுதிய என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஓட்டை தானாக மூடாது, இனி இந்த உப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

முதலாளி என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். வேலையை விட்டு அனுப்பவில்லை; தொட்டியில் உப்பும் அமிலமும் எந்த அளவில் சேர்ப்பது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடைசியில், "அவன லோடிங்குக்கு மாத்து. தொட்டிக்கு வேற ஆளப் போடு" என்றார்.

ஷிஃப்ட் போடுவதும் என் வேலை. போட்டேன். சிவகங்கையிலிருந்து வந்து பத்து நாள் ஆன, நாற்பது வயது ஆள். உப்பைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு துணி மாஸ்க்கை மட்டும் நீட்டினேன்.

"வெக்கையா இருக்குண்ணே, வேணாம்" என்றார்.

நானும் விட்டுவிட்டேன்.